பேரிடர் என்று அறிவிக்கும் வரை காத்திருக்காதீர்கள்

"இன்னும் டிக்ளேர் பண்ணலையே, அதான் யாருக்கும் போன் பண்ணலை."

இதை எத்தனை வீடுகளில்தான் கேட்பது? இந்த முறை சொன்னவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு பெரியவர். இரவு முழுக்கப் பெய்த மழையில் பின்கட்டில் இருந்த மேன்ஹோல் பொங்கி, கழிவுநீர் அடுப்படி வரை வந்துவிட்டது. நாள்கணக்கில் அதைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் இருவருக்கும் வயிற்றுப்போக்கு. சின்னவளுக்குக் கண் உள்ளே போய்விட்டது. உள்ளூர் அரசு பேரிடர் என்று அறிவித்தால்தான் ஆள் வரும் என்று அந்தக் குடும்பம் உண்மையிலேயே நம்பிக்கொண்டிருந்தது.

டர்பன் வட்டாரத்தில் நான் பார்ப்பது சுற்றுச்சூழல் சுகாதார வேலை. ஊரில் இன்னும் 'ஹெல்த் இன்ஸ்பெக்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். குடிநீர்ச் சோதனை, உணவுக் கடைகள், குப்பை, எலி, கொசு, தொற்றுநோய்க் கண்காணிப்பு, இறந்தவர் உடலை அடக்கம் செய்வது வரை எல்லாம் சட்டப்படி உள்ளூர் அரசின் 'முனிசிபல் ஹெல்த்' பொறுப்பு. இவை 365 நாளும் நடக்க வேண்டிய வேலைகள். யாரும் டிவியில் வந்து சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை.

இந்தத் தவறான எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. 2020 மார்ச் 15 அன்று ஜனாதிபதி ராமபோசா டிவியில் தேசியப் பேரிடர் நிலையை அறிவித்தார். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் லாக்டவுன் தொடங்கியது. தெருவில் ராணுவம், லெவல் 5, லெவல் 4 என்று வாராவாரம் புது விதிகள். மாதக்கணக்கில் அரசாங்கம் என்றால் நமக்கு டிவியில் பேசுகிற ஒருவர்தான். அதனால் பேரிடர் என்பதே மேலிருந்து அறிவிக்கப்படுகிற ஒன்று என்று மனதில் பதிந்துவிட்டது.

சட்டம் சொல்வது வேறு. 2002ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மெட்ரோவும் (பெருநகர முனிசிபாலிட்டி) மாவட்ட முனிசிபாலிட்டியும் ஒரு பேரிடர் மேலாண்மை மையம் வைத்திருக்க வேண்டும். உள்ளூர்த் திட்டம் ஒன்று கையில் தயாராக இருக்க வேண்டும். மழைக்கு முன்பே செய்ய வேண்டியவை இவை. அறிவிப்பு என்ன செய்யும்? சிறப்பு விதிகள் போட அதிகாரம் தரும். வழக்கமான டெண்டர் தாமதத்தைக் குறைக்கும். ஆள், வண்டி, பணம் ஆகியவற்றை வேறிடத்திலிருந்து திருப்பிவிட வழி செய்யும். அவ்வளவுதான். தேசிய அளவில் இருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை, உள்ளூர் கவுன்சிலே தன் எல்லைக்குள் அறிவிக்கலாம். நீட்டிக்காவிட்டால் மூன்று மாதத்தில் அது காலாவதியாகிவிடும். அறிவித்தாலும் அறிவிக்காவிட்டாலும் உங்கள் வீட்டு மேன்ஹோல் பொங்கினால் அன்றைக்கே புகார் எண் வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. அன்றைக்கே பதிவு செய்வது எங்கள் கடமை.

இன்னும் சந்தேகமா? தேதிகளைப் பாருங்கள். கோவிட் பேரிடர் நிலை 2022 ஏப்ரல் 4 நள்ளிரவோடு முடிந்தது. ஒரு வாரம் கழித்து, 11, 12ஆம் தேதிகளில், நம் டர்பன் வட்டாரத்தில் சில இடங்களில் 24 மணி நேரத்துக்குள் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மண் சரிந்தது, வீடுகள் போயின, 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாகாணப் பேரிடர் நிலை 13ஆம் தேதி வந்தது. தேசியப் பேரிடர் நிலை வந்தபோது 18ஆம் தேதி. நடுவில் தமிழ்ப் புத்தாண்டும் பெரிய வெள்ளித் தீமிதியும் வந்து போயின. 11ஆம் தேதி இரவு இடுப்பளவு தண்ணீரில் நின்றவருக்கு 18ஆம் தேதி அறிவிப்பு என்ன செய்திருக்க முடியும்? அந்த இரவில் கைகொடுத்தவர்கள் அடுத்த வீட்டுக்காரர்கள், தீயணைப்புப் படையினர், மண்டபத்தைத் திறந்துவிட்ட கோயில், பள்ளிவாசல், தேவாலயக்காரர்கள்.

இது நமக்குப் புதிதும் இல்லை. 1917 அக்டோபரில் டர்பனில் அம்கேனி ஆறு பெருகி ஸ்பிரிங்ஃபீல்ட் பகுதியில் காய்கறித் தோட்டம் போட்டிருந்த நம் மக்களின் குடிசைகளை அடித்துக்கொண்டு போனபோது, மாரிமுத்து படவட்டானும் அவரோடு இருந்த மீனவர்களும், ஆறே பேர், படகில் திரும்பத் திரும்பப் போய் 170க்கும் மேற்பட்டோரைக் கரை சேர்த்தார்கள். மேடைகளில் இந்தக் கதையை வீரக்கதையாக மட்டும் சொல்கிறோம். அவர்களிடம் படகு தயாராக இருந்தது, தண்ணீரைப் படிக்கத் தெரிந்திருந்தது. அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

நான் கேட்பது அந்தத் தயார்நிலையைத்தான். அது ஏன் உள்ளூரில் இருக்க வேண்டும் என்றால், உதவிகள் ஒரே கூரைக்குக் கீழ் இல்லை. ஆம்புலன்சும் பெரிய ஆஸ்பத்திரியும் மாகாணத்துடையவை. தீயணைப்பு, குடிநீர், சாக்கடை, கம்யூனிட்டி ஹால் முனிசிபாலிட்டியுடையவை. போலீஸ், ராணுவம், உதவித்தொகை தேசிய அரசிடம். பள்ளிக்கூடச் சாவி மாகாணக் கல்வித் துறையிடம். இவர்கள் எல்லாரும் ஒரு அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பதற்குப் பெயர் ஜாய்ன்ட் ஆபரேஷன்ஸ் சென்டர். அந்த அறையில் உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள், முதல் சில மணி நேரத்தில் எல்லாரும் தேடுவது பணத்தை அல்ல, தகவலை. எந்தத் தெருவில் படுக்கையில் கிடக்கிறவர் இருக்கிறார்? வீட்டில் ஆக்சிஜன் மெஷினில் இருப்பவர் யார்? டயாலிசிஸுக்கு நாளை யார் போயாக வேண்டும்? இந்த விவரம் எந்தத் துறையின் கம்ப்யூட்டரிலும் முழுசாக இல்லை. தெருவில்தான் இருக்கிறது.

ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுகிறோமே, எந்த வீட்டு ஆயாவால் வர முடியாது, யாருக்குத் தூக்கில் கொடுத்தனுப்ப வேண்டும் என்பது கோயில் கமிட்டிக்கு மனப்பாடம். அதே விவரத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள், போதும். ஆனால் சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, சம்மதம் வாங்கி எழுதுங்கள். யாருக்கு என்ன நோய் என்பதை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நோட்டு இருவர் கையில் இருந்தால் போதும், அதில் ஒருவர் வார்டு கமிட்டியோடு பேசக்கூடியவராக இருக்கட்டும்.

கோவிட் காலத்தில் இது இல்லாமல் எவ்வளவு கஷ்டப்பட்டோம்! உணவுப் பொட்டலம் ஒரே வீட்டுக்கு இரண்டு, பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் இல்லை. கவுன்சிலருக்கு வேண்டியவர்களுக்குத்தான் போகிறது என்று பல ஊர்களில் சண்டை. பட்டியல் வெளிப்படையாக இருந்த இடங்களில் அந்தச் சண்டை குறைவு. சாவு வீடுகள் அதைவிடக் கொடுமை. ஐம்பது பேர்தான் என்று விதி. முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று அழுத பிள்ளைகளிடம் விதியை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். அந்த வேலையை நான் மறக்கவே மாட்டேன். எங்களுக்கு முன்பே கோயில் அர்ச்சகர் போய்ப் பக்குவமாகப் பேசிய வீடுகளில் கருமாதி வரை எல்லாம் அமைதியாக நடந்தது. தொற்றுநோய்க் காலத்தில் அர்ச்சகருக்கும் சவ அடக்கம் செய்கிறவர்களுக்கும் முதல் வாரத்திலேயே பயிற்சி தர வேண்டும் என்று கூட்டங்களில் நான் விடாமல் சொல்கிறேன்.

அடுத்தது தண்ணீர். 2000 ஆகஸ்டில் எம்பங்கேனி ஊர்ப் பக்கம் தொடங்கிய காலராவில் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் லட்சம் பேருக்கு மேல் நோயாளிகள் ஆனார்கள். காசு கட்ட முடியாததால் குழாய்த் தண்ணீரை விட்டு ஆற்றுக்குப் போன ஏழைகள் பலர். 2022 வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டொங்காட் ஊரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையமே சேதமாகி, மக்கள் மாதக்கணக்கில் லாரித் தண்ணீரில் வாழ்ந்தார்கள். ஆகவே, தயவுசெய்து: வெள்ளத்துக்குப் பிறகு குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்பதாலேயே அது குடிக்கத் தக்கது என்று எண்ணாதீர்கள். கொதிக்க வையுங்கள். கரண்ட் இல்லையென்றால், துணியில் வடிகட்டி, 25 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சாதாரண ஜிக் (வீட்டு ப்ளீச்) ஊற்றிக் கலக்கி, இரண்டு மணி நேரம் மூடி வையுங்கள். வாசனை போட்ட ஜிக் கூடாது. ஜோஜோ டேங்க் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) வைத்திருப்பவர்கள் வெள்ளநீர் உள்ளே போயிருந்தால் முழுசாகக் காலி செய்து கழுவுங்கள், "மேலே தெளிவாத்தான் இருக்கு" என்று என்னிடம் சொல்ல வேண்டாம். சேற்றில் வெறுங்காலோடு இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வருகிறது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உப்புச் சர்க்கரைக் கரைசலைத் தொடங்கிவிட்டு அப்புறம் கிளினிக்குக் கிளம்புங்கள். சோர்ந்து கிடந்தால் ஆம்புலன்சுக்கு 10177 அல்லது செல்போனில் 112, உடனே.

புகார் கொடுக்கும்போது எண் வாங்குங்கள், போட்டோ எடுங்கள், தேதி எழுதுங்கள். இது வெறும் காகித வேலை அல்ல. பேரிடர் நிதி கொடுக்கும்போது, முன்கூட்டியே தடுப்பு நடவடிக்கை எடுக்கப்பட்டதா, தவிர்த்திருக்க முடியுமா என்றெல்லாம் பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. அடைத்துக்கொண்ட வடிகாலைப் பற்றி ஆறு மாதம் முன்பே நீங்கள் கொடுத்த புகார், அந்த வடிகாலுக்குப் பட்ஜெட் கேட்கும் என்னைப் போன்றவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம். புகாரே இல்லாத தெருவுக்கு என்ன சொல்லி நாங்கள் பணம் கேட்பது?

ஒவ்வொரு ஆண்டும் ஜூலை 1இல் புது நிதியாண்டு தொடங்குவதற்கு முன், ஐடிபி என்கிற ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தின் வரைவை மக்கள் கருத்துக்கு விடுவார்கள். பேரிடர்த் திட்டம் அதன் ஒரு பகுதி. அந்தக் கூட்டங்களில் நம் ஆட்கள் கோயில் நிலத்தைப் பற்றியும் ரேட்ஸ் என்கிற சொத்து வரி பற்றியும் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். அதோடு மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கள் வார்டில் வெள்ளம் வந்தால் எந்த மண்டபம் திறக்கும்? சாவி யாரிடம்? தண்ணீர் லாரி எந்த இடத்தில் நிற்கும்? பதிலை மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள். முனிசிபாலிட்டியின் பேரிடர் ஆலோசனை மன்றத்தில் சமய, சமூக அமைப்புகளுக்கும் இடம் தர முடியும், தொண்டர் படை அமைக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. எங்கள் கமிட்டியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு கடிதம் எழுதுங்கள். 2019இலும் 2022இலும் பெரு வெள்ளம் ஏப்ரலில்தான் வந்தது. அதனால் கடிதத்தைப் பொங்கலுக்குள் கொடுத்துவிடுங்கள்.