வேலையை விடும் கடிதம் ஏன் எப்போதும் இரவிலேயே எழுதப்படுகிறது?

திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளிப் பக்க ஹோட்டல்களில் சீசன் மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை ஓடும். அதற்குப் பிறகு ஆட்குறைப்பு. மற்றவர்களுக்கு அது சம்பளப் பிரச்சினை. எல்லைநிலை ஆளுமைக் கோளாறு (Borderline Personality Disorder, உணர்ச்சியும் உறவும் தன்னைப் பற்றிய எண்ணமும் நிலையில்லாமல் தளம்பும் மனநலக் கோளாறு) உள்ளவருக்கோ "என்னைத் தூக்கி எறிஞ்சிட்டாங்க" என்றுதான் படும். அதனால் பலர் அதுவரை காத்திருப்பதில்லை. ஆகஸ்டில், ஆள் தட்டுப்பாடான நேரம் பார்த்து, சண்டை பிடித்துக்கொண்டு தாங்களே வெளியேறிவிடுகிறார்கள். வேலை தெரியாததால் வேலை இழந்தவர்கள் இவர்களில் குறைவு. பெரும்பாலும் நல்ல வேலைக்காரர்கள்தான்.

கிளினிக் கொப்பியில் 'பி.பி.டி.' என்று சுருக்கி எழுதப்படும் இந்தக் கோளாறுக்கு 9 அறிகுறிகள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றில் 5 இருந்தால் நோய் என்று தீர்மானிப்பார்கள். வேலைத்தளத்தில் அதிகம் கடிப்பவை மூன்று: கைவிடப்படுவேன் என்ற பயம், ஒரே ஆளை இன்று தெய்வமாகவும் நாளை எதிரியாகவும் பார்ப்பது, 'நான் யார், எனக்கு எது ஏற்றது' என்பது அடிக்கடி மாறுவது.

குடும்பங்கள் வழக்கமாகச் சொல்வது, "முதல்ல சுகமாகட்டும், பிறகு வேலைக்குப் போகலாம்." இது பிழையான ஒழுங்கு. அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் 290 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 10 ஆண்டுக்குள் 93 வீதமானோருக்கு அறிகுறிகள் குறைந்தது 2 ஆண்டுகளாவது அடங்கியிருந்தன. ஆனால் உறவும் வேலையும் சேர்ந்து நிமிர்ந்தவர்கள் 50 வீதமே. நோய் அடங்கினால் வேலை தானாக வந்துவிடாது, அதைத் தனியாகக் கட்டவேண்டும். இந்த நோய்க்கென்று பொது மனநல வைத்தியர்களுக்கும் கைகொடுக்கும் ஒரு சிகிச்சை முறையை வகுத்த ஜோன் கண்டர்சன், 'காதலுக்கு முன் வேலை' என்றே வலியுறுத்தினார். நமது ஊரில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: "கலியாணம் கட்டி வச்சா எல்லாம் சரியாகும்." கலியாணம் இந்த நோய்க்கு மருந்தல்ல. கைவிடப்படும் பயம் மிகக் கூர்மையாகும் இடமே அதுதான்.

வேலையை எப்படித் தொடங்குவது? வாரத்தில் மூன்று அரைநாள் போதும். ஆறு வாரம் தவறாமல் போக முடிந்தால் கூட்டலாம். காலையில் நான்கு மணிநேரம், மாலையில் நான்கு மணிநேரம் என்று உடைந்த டியூட்டியும் இரவு டியூட்டியும் முதல் ஆண்டில் வேண்டாம். தூக்கம் கெட்டால் மறுநாள் சின்னச் சொல்லும் பெரிதாகச் சுடும்.

படிப்பில் வேறொரு பொறி இருக்கிறது. மூன்று மாதம் நேர்சிங், பிறகு பியூட்டி கல்ச்சர், பிறகு கொரிய மொழி வகுப்பு. ஒவ்வொன்றிலும் முழுக் கட்டணத்தையும் முதல் நாளே கட்டியிருப்பார்கள். அந்த உற்சாகம் பொய்யல்ல, நிலைக்காது, அவ்வளவுதான். ஆகவே கட்டணத்தைத் தவணையாகவே கட்டுங்கள். நடுவில் மாற்றத் தோன்றினால் நான்கு வாரம் பிந்தி முடிவெடுங்கள். எந்தத் தொழில் பொருந்தும் என்பதை நல்ல நாளில் வந்த ஆசையை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். கெட்ட நாளிலும் எந்த வேலை கையில் ஓடியது என்று பாருங்கள்.

இனி, வேலை உண்மையில் போகும் இடத்துக்கு வருவோம். இரவு ஒன்பது மணி. மனேஜரிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு வரி: "நாளைக்கு வந்ததும் என்னை ஒருக்கா பாருங்க." வயிறு இறுகும். ஒன்பது பத்துக்கு, 'அனுப்பப் போறாங்க' என்பது ஊகமாக இல்லாமல் உறுதியான செய்தியாகவே மாறியிருக்கும். ஒன்பதரைக்கு ஆறு மாதக் கணக்கையும் அவிழ்த்த நீளமான பதில் போகும், கூடவே ராஜினாமா. பத்து மணிக்கு மனேஜர் பிளொக். அவர் கூப்பிட்டது டியூட்டி ரோஸ்டரை மாற்றுவதற்காக.

இவர்களுக்கு உணர்ச்சி விரைவாக ஏறும், உயரமாக ஏறும், இறங்க நேரமெடுக்கும். ஏறியிருக்கும்போது யோசனை உதவாது, முதலில் உடம்பை இறக்கவேண்டும். போனை வேறு அறையில் வையுங்கள். குளிர்ந்த தண்ணீரில் மூச்சை அடக்கி முகத்தை 30 விநாடி வரை அமிழ்த்துங்கள். இதயத் துடிப்பு தணியும். (திருகோணமலையில் பகல் முழுக்க வெயில் குடித்த கூரைத் தாங்கித் தண்ணீர் இதற்கு உதவாது. ஐஸ் போட்ட பாத்திரம் வேண்டும், அல்லது குளிர்ந்த போத்தலைத் துணியில் சுற்றிக் கண்ணுக்குக் கீழே பிடிக்கலாம். இதய நோயோ உணவை ஒறுக்கும் கோளாறோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் செய்யக்கூடாது.) பிறகு நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே, ஐந்து நிமிடம். பதிலைக் கொப்பியில் எழுதுங்கள், வட்ஸ்அப் பெட்டியில் எழுதாதீர்கள். விரல் தவறினாலே போய்விடும். அன்றிரவு அனுப்பக்கூடியது ஒரே வரி: "சரி சேர், காலையில் வாறேன்."

இது பலருக்குப் பலிக்காமல் போவதற்குக் காரணம், உச்சத்தில் நிற்கும்போதுதான் முதல் தடவை முயல்கிறார்கள். அமைதியான நாட்களில் பழகாத கை அன்று ஓடாது. இன்னொரு பிழை, ஆறுதல் கேட்டு ஐந்து சக ஊழியர்களுக்கு அழைப்பது. காலையில் ஒப்பிஸ் முழுக்கக் கதை வந்து நிற்கும்.

நமது வேலைத்தளங்களில் முதலாளி 'அண்ணா', கணக்காளர் 'அக்கா'. நல்ல பழக்கம்தான். ஆனால் 'அண்ணா' பில்லில் பிழை கண்டு பேசினால், அது பில்லைப் பற்றிய பேச்சாகக் கேட்காது, தம்பியைத் தள்ளிவைத்ததாகக் கேட்கும். "எங்க சேர் அப்பா மாதிரி" என்று சொல்லத் தொடங்கும் மாதத்தையே எச்சரிக்கையாக எடுக்கவேண்டும். எல்லா டியூட்டிக்கும் தலையாட்டி உடம்பைக் கெடுத்துக்கொள்வது அப்போதுதான். சண்டை அதற்குப் பிறகுதான் வரும்.

நோயின் பெயரை முதலாளியிடம் சொல்லவேண்டுமா? சிறிய ஊர், சொன்னது திரும்ப வராது. தேவையை மட்டும் சொல்லலாம்: "மாதத்தில ஒரு நாள் கிளினிக் இருக்கு, அண்டைக்குப் பின்னேர டியூட்டி தந்தாப் போதும்." "குறைகளைக் கொஞ்சம் எழுதித் தந்தீங்கண்டா எனக்குத் திருத்த லேசு." கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி ஆண்டுக்கு 7 நாள் அமய லீவு உண்டு, முதல் ஆண்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள். அவற்றைக் கோபத்தில் படுத்துக் கிடந்து கரைக்காமல் கிளினிக்குக்கு வையுங்கள்.

இந்த நோயையே மாற்றும் மாத்திரை கிடையாது. கொடுக்கப்படுபவை கூட வரும் மனச்சோர்வு, தூக்கமின்மை போன்றவற்றுக்கு. காலையில் மந்தமாக இருந்தால் வைத்தியரிடம் நேரத்தை மாற்றிக் கேளுங்கள், தானாக நிறுத்தாதீர்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் வரும் இரவுகளில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். உயிரை மாய்க்க முயன்றபின் ஆஸ்பத்திரிக்குப் போனால் வழக்காகி வேலைக்குப் பாதகம் வரும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமல்ல.

கடிதம் ஏற்கெனவே போய்விட்டதா? மறுநாள் காலை நேரில் போங்கள். "நேற்று ஆத்திரத்தில அனுப்பினது, மன்னிச்சுக்கொள்ளுங்க. அதை மீளப் பெற ஏலுமா?" இவ்வளவுதான். விளக்கம் வேண்டாம், விளக்கத்தில்தான் இரண்டாவது சண்டை தொடங்கும். மறுத்தால், சம்பள பாக்கியையும் சேவைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். வெறுப்பில் அதை விட்டுவிட்டு வந்தவர்கள் அடுத்த நேர்முகப் பரீட்சையில் அங்கே வேலை செய்த காலத்துக்குக் காட்ட ஒரு துண்டுத் தாளும் இல்லாமல் நிற்கிறார்கள்.