தெர்மல் கேமராவில் குதிரை: சிவப்பை மட்டும் தேடாதீர்கள்

தெர்மல் கேமரா நோயைப் படம் பிடிப்பதில்லை. தோலிலிருந்து வெளிவரும் அகச்சிவப்புக் கதிரை அளந்து வண்ணமாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். தோலுக்கடியில் ரத்த ஓட்டம் கூடிய இடம் சூடாகத் தெரியும். குறைந்த இடம் குளிர்ந்து தெரியும். கிழிந்த தசைநாணையோ விரிசல் விட்ட எலும்பையோ அதில் பார்க்க முடியாது. எங்கே பார்ப்பது என்பதைக் கேமரா சொல்லும். என்ன கோளாறு என்பதைக் கால்நடை மருத்துவர்தான் தொட்டும், நடக்கவிட்டும், ஸ்கேன் எடுத்தும் சொல்ல வேண்டும்.

படம் கெடுவது பெரும்பாலும் தயாரிப்பில்தான். வெயிலில் நின்ற குதிரையை அழைத்துவந்து உடனே எடுத்தால், வெயில் பட்ட பக்கம் முழுவதும் வீக்கம் கண்டதுபோல் இருக்கும். கறுப்பும் வெள்ளையும் கலந்த குதிரையில் கறுப்புத் திட்டு இன்னும் சூடேறும். நிழலான, காற்று வீசாத இடத்தில் அரை மணி நேரமாவது நிற்கட்டும். அந்த இடம் 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நல்லது. 30-ஐத் தாண்டினால் வேறுபாடுகள் மங்கிவிடும். சேற்றை முன்கூட்டியே துலக்கிவிடுங்கள், ஆனால் குளிப்பாட்ட வேண்டாம், தைலமும் வேண்டாம். கால்கட்டு, போர்வை எல்லாம் 2 மணி நேரம் முன்பே கழற்றியாக வேண்டும். முடி மழித்த இடம் எப்போதும் சூடாகவே தெரியும். அதை முதலிலேயே குறித்து வையுங்கள்.

கேமராவில் உமிழ்திறனை, அதாவது ஒரு பரப்பு எவ்வளவு நன்றாக வெப்பக் கதிரை வெளிவிடுகிறது என்ற அளவை, 0.98 என்று வைத்து, சுமார் ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து நேருக்கு நேராக, இரு பக்கமும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும். தானியங்கி வண்ண அளவுகோலை அணைத்துவிடுங்கள். அது படத்துக்குப் படம் வண்ணத்தை மாற்றிக்கொள்ளும். ஒரு படத்தில் 32 டிகிரி சிவப்பு, அடுத்ததில் அதுவே பச்சை. புதிதாக வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இடதையும் வலதையும் ஒப்பிடுவதே வாசிப்பின் அடிப்படை. ஒரே இடத்தில் 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கவனிக்க வேண்டும். முதுகெலும்பை ஒட்டி ஓடும் சூடான கோடு இயல்பானது. குளம்பின் மேல்விளிம்பு குளம்புச் சுவரைவிடச் சூடாக இருப்பதும் அப்படித்தான். அந்த வேறுபாடு மறைந்து குளம்பு முழுவதும் சூடேறினால் குளம்பழற்சியை, அதாவது குளம்பின் உள்திசு அழற்சியை, சந்தேகித்து, படத்தை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

இனி சேணத்துக்கு வருவோம். அது முதுகில் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கவும் இதே கேமரா உதவும். முதலில் சேணம் போடாத முதுகை ஒரு படம் எடுங்கள். பிறகு மெல்லிய பருத்தித் துணி ஒன்றை மட்டும் விரித்துச் சேணம் பூட்டி, வழக்கமாகச் சவாரி செய்பவரே ஏறி, இரு திசைகளிலும் சம நேரமாக 20 நிமிடம் ஓட்டட்டும். தடித்த ஜெல் விரிப்பு குறையை மூடி மறைத்துவிடும். சேணத்தைக் கழற்றியதும் ஓரிரு நிமிடங்களுக்குள் முதுகையும் சேணத்தின் அடிமெத்தையையும் எடுத்துவிட வேண்டும். மெத்தையில் கை படக் கூடாது. உள்ளங்கை வைத்த தடம்கூடப் படத்தில் அப்படியே பதியும்.

நன்றாகப் பொருந்திய சேணத்தில் இரண்டு மெத்தைகளும் சீராகச் சூடாகி, அவற்றுக்கு இடையே முதுகெலும்புக்கு மேல் விடப்பட்ட நடுச் சால் குளிர்ந்திருக்கும். முன்னும் பின்னும் சூடு, நடுவில் குளிர்ச்சி என்றால் சேணம் பாலம்போல நிற்கிறது. எடை நான்கு மூலைகளில் இறங்குகிறது. நடுவில் மட்டும் சூடு என்றால் முதுகின் வளைவைவிட மெத்தை வளைந்து, தொட்டில்போல ஆடுகிறது. கழுத்தடி மேட்டின் இருபுறமும் சூட்டுப் புள்ளிகள் இருந்தால் சேணத்துக்கு எலும்புக்கூடு போன்ற உள்சட்டம் குறுகலோ என்று பாருங்கள். நடுச் சால் சூடாவது மோசமான அறிகுறி, சேணம் முதுகெலும்பைத் தொடுகிறது.

ஒரு பக்கம் மட்டும் சூடானால் உடனே சேணத்தைப் பழிக்க வேண்டாம். சவாரியாளர் கால் வைக்கும் அங்கவடிகளின் வார் நீளத்தை அளந்து பாருங்கள், பிறகு வேறொருவரை ஏற்றிப் பாருங்கள். சூடும் இடம் மாறினால் காரணம் உட்காரும் விதம். அப்படியும் மாறவில்லை என்றால் மெத்தைக்குள் இருக்கும் கம்பளித் திணிப்பு ஒரு பக்கம் கூடியிருக்கலாம். பின்னங்கால் நொண்டலாலும் சேணம் ஒரு பக்கம் சரியும், எனவே நடையையும் பார்த்தாக வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது குளிர்ந்த புள்ளிகளை. அழுத்தம் அதிகமான இடத்தில் ரத்தம் பிழியப்பட்டு, சேணம் கழற்றிய கணத்தில் அது குளிர்ந்திருந்து, பிறகு சூடேறலாம். அதனால் 10 நிமிடம் கழித்து இன்னொரு படம் தேவை. நாள்பட்ட அழுத்தத்தில் தசை வற்றிய இடமும் குளிர்ந்தே இருக்கும். அங்கே புதிதாக வெள்ளை முடி முளைத்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

ஆனாலும் கேமரா அழுத்தத்தை அளப்பதில்லை. வெறும் உரசலும் தொடுகையும்கூடச் சூடாக்கும். சந்தேகப் புள்ளிகளைக் கையால் தடவி, சட்டத்தின் அகலத்தையும் திணிப்பையும் சோதித்த பிறகே, திணிப்பைச் சரிசெய்யச் சேணத் தொழிலாளியிடம் சேணத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள். புதிய கம்பளி சில வாரங்களில் அமுங்கிவிடும். அப்போது அதே கேமரா, அதே சவாரியாளர், அதே வண்ண அளவுகோலுடன் மறுபடி எடுத்து, பழைய படத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.