உப்புத் தண்ணியும் சூடோமோனாஸும்

மேலூர்ப் பக்கமிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்க போர் தண்ணி உப்பு. வயல்ல வெள்ளையா பூத்துக் கிடக்கு. சூடோமோனாஸ் போட்டா உப்பு போயிரும்னு உரக்கடையில சொல்றாங்க. நெசமா?"

போகாது. சூடோமோனாஸ் என்பது வேரை ஒட்டி வாழ்ந்து பயிருக்கு உதவும் ஒரு பாக்டீரியா. மண்ணில் கிடக்கும் உப்பின் சோடியத்தை எந்தப் பாக்டீரியாவும் தின்று தீர்க்காது. அதற்காகப் பாக்கெட்டை ஒதுக்கிவிடவும் வேண்டாம்.

உப்பு கூடினால் வேருக்குத் தண்ணீரை இழுப்பது சிரமம். சவ்வூடு பரவல், பள்ளியில் படித்ததுதான். பொட்டாசியத்தின் இடத்தில் சோடியம் புகுந்துகொள்ளும். இதெல்லாம் போதாதென்று பயிர் தனக்குத்தானே ஒரு கேடு செய்துகொள்கிறது. எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

உப்பு தாக்கியதும் செடி எத்திலீனைக் கூடுதலாகச் சுரக்கிறது. மாங்காயைப் பழுக்க வைக்கிற அதே வாயு. அளவு மீறினால் வேர் வளர்ச்சி நின்றுபோகும், இலை பழுத்து உதிரும். எத்திலீன் ஆவதற்கு முந்தைய படி ஏ.சி.சி. (சிமெண்ட் அல்ல, ஒரு அமினோ அமிலம்). அதில் கொஞ்சம் வேரிலிருந்து வெளியே கசியும். வேரை ஒட்டி வாழும் சில பாக்டீரியாக்களிடம் ஏ.சி.சி. டீஅமினேஸ் என்ற நொதி உண்டு. 1978-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது. அது ஏ.சி.சி.யை உடைத்தால் அம்மோனியா கிடைக்கும். பாக்டீரியாவுக்கு அதுதான் நைட்ரஜன் சாப்பாடு. வெளியே குறையக் குறைய உள்ளிருந்து இன்னும் கசியும். அதையும் தின்னும். உள்ளே சரக்கு குறைந்தால் எத்திலீன் எங்கிருந்து வரும்? வேர் பாட்டுக்கு நீளும். தர்மத்துக்குச் செய்யவில்லை, பசிக்குத்தான் செய்கிறது! 1998-ல் கனடாவின் பெர்னார்ட் கிளிக் குழு இப்படித்தான் விளக்கியது.

எல்லா சூடோமோனாஸிடமும் இந்த நொதி இருக்காது. ரகத்துக்கு ரகம் மாறும். தொட்டிச் செடியில் காட்டியதை உப்பு வயலில் நாலு போகம் சோதித்துப் பார்க்கத்தான் நம் ஊரில் காசு ஒதுக்க மனசு வருவதில்லை.

முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். பி.எச். (மண்ணின் அமில-கார அளவு) 8.5-ஐத் தாண்டி, சோடியமும் மிகுந்திருந்தால் அது களர். ஜிப்சம்தான் முதல் மருந்து. வெறும் உவர் (உப்பு மட்டும் மிகுந்த மண்) என்றால் பெரியாறு கால்வாயில் தண்ணீர் வரும்போது வயலில் தேக்கி வைத்து வடியுங்கள். அதன் பிறகு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ். ரசாயனப் பூஞ்சாணக்கொல்லியோடு கலக்காதீர்கள். கடை வாசல் வெயிலில் காய்ந்த பாக்கெட்டை வாங்கவே வாங்காதீர்கள். உள்ளே இருப்பது உயிர்.