ஒரே கரை, ரெண்டு கோல்ஃப் மைதானம், பக்கத்துல ஒரு மலை

கனடா மேற்குக் கரையில பழைய கோல்ஃப் மைதானம்னு பேச்செடுத்தா ரெண்டு பேரு கண்டிப்பா அடிபடும். ஒண்ணு, விக்டோரியாவுல ஓக் பே கடலோரமா 1893ல ஆரம்பிச்சு இன்னிக்கும் அதே இடத்துல நடக்கற விக்டோரியா கோல்ஃப் கிளப். இன்னொண்ணு, வெஸ்ட் வான்கூவர் மலைச்சரிவுல 1930கள்ல ஸ்டான்லி தாம்சன் வடிவமைச்ச காப்பிலானோ. ரெண்டுக்கும் நடுவுல நேர்கோட்டுல ஒரு 100 கிலோமீட்டர் இருக்கும், ஆனா இங்க ஆடிப் பழகினவன் அங்க போனா முழிப்பான். எல்லாரும் டிசைனர் பெருமையத்தான் பேசுவாங்க, என்னைக் கேட்டா பாதி வேலையப் பார்த்தது மேகம்.

குளிர்காலத்துல பசிபிக்ல இருந்து வர்ற ஈரக்காத்து முதல்ல அமெரிக்கப் பக்கம் இருக்கற ஒலிம்பிக் மலைத்தொடர்ல முட்டும். அங்க உச்சி 2,400 மீட்டருக்கு மேல. ஏற ஏற காத்து குளிர்ந்து கையில இருக்கறத எல்லாம் அந்தப் பக்கமே கொட்டிடும், வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல, மழைக்காடே நிக்குது. தாண்டி இறங்கும்போது அதே காத்து சூடாகிக் காஞ்சு போயிடும். ஸ்கூல்ல மழை மறைவுப் பகுதின்னு படிச்சோமே, அதுலதான் விக்டோரியா உக்காந்திருக்கு, கரையோரமா வருஷத்துக்கு 600 சொச்சம் மில்லிமீட்டர்தான். வான்கூவர் ஏர்போர்ட்டுக்கு 1,200 கிட்ட. அதுக்கும் வடக்க காத்து மறுபடி மலை ஏறுது, காப்பிலானோ இருக்கறது அந்தச் சரிவுல, சும்மா ஊத்தும்.

பாறை மேல மெல்லிசா மண்ணு, கோடையில மழை பேருக்குத்தான், அதனால விக்டோரியாவுல தரை இறுகிடும். இறுகின தரை பந்தோட வேகத்தை அவ்வளவா உறிஞ்சாது, விழுந்த பந்து குதிச்சு உருண்டு எங்கயோ போகும். ஈரத் தரையில அந்த சக்தி மண்ணை அமுக்கறதுலயே செலவாயிடும், பொத்துன்னு விழுந்த இடத்துலயே நிக்கும்.

காத்துக் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். பந்து மேல இருக்கற குட்டிக் குட்டிக் குழியும், அது பின்பக்கமா சுத்தற பின்சுழலும் சேர்ந்து அதைத் தூக்கி நிறுத்துது. இந்தத் தூக்கும் விசையும், இழுத்துப் பிடிக்கற விசையும் வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். 220 கிலோமீட்டர் வேகத்துல கிளம்பற பந்துக்கு எதிர்ல 30 கிலோமீட்டர் காத்து அடிச்சா, பந்தைப் பொறுத்தவரைக்கும் அது 250, ரெண்டு விசையும் கிட்டத்தட்ட 30 சதவீதம் ஏறிடும். பந்து பலூன் மாதிரி மேல எழும்பி, முன்னால போகாம விழும். ஓக் பேல நீரிணைக் காத்து சும்மா விடாது, அதனால தாழ்வா அடிக்கணும். காப்பிலானோல உசரமான மரங்கள் காத்தை மறைச்சுக்கும், ஆனா நிழல்ல புல்லு காயாது, பாசி பிடிக்கும்.

ஒரு விஷயத்துல மட்டும் இந்தக் கரை முழுக்க ஒரே கதை. போவா ஆனுவாங்கற ஐரோப்பியக் களைப்புல் பழைய கிரீன்ல (பந்தைக் குழியில தள்ளற, ஒட்ட வெட்டின புல்தரை) எல்லாம் ஆளே விதைக்காம வந்து இடத்தைப் பிடிச்சுக்கும். 3 மில்லிமீட்டர் உசரத்துக்கு வெட்டினாலும் அது பாட்டுக்கு விதை போடும், உறைபனியும் பெருசா இல்லாததால குளிர்காலத்துலயும் சாகாது. தினம் வெட்டறதுல உசரமா வளர்ற ரகம் தோத்து, குட்டையா அடர்த்தியா நிக்கற ரகம் மட்டும் மிஞ்சுது. மெஷின் பண்ற இயற்கைத் தேர்வுன்னு வச்சுக்கோங்க, டார்வின் பார்த்திருந்தா சிரிச்சிருப்பாரு.

அந்தக் காலத்து கிரீன் எல்லாம் அங்க இருந்த மண்ணையே குவிச்சுக் கட்டினது, தண்ணி சீக்கிரம் இறங்காது. அதுக்குத்தான் வருஷா வருஷம் மேல மெல்லிசா மணல் தூவறாங்க. பழைய கிரீன்ல குழாய் மாதிரி ஒரு கருவிய இறக்கி மண்ணை உருவி எடுத்தா மேல வெளிர் மணல், இடையில இடையில மக்கின வேரோட கருப்புக் கோடு, அடியில பழைய களிமண். மணல் தூவாம விட்ட வருஷங்கள்தான் பெரும்பாலும் அந்தக் கருப்புக் கோடு, தண்ணி அங்க வந்து தேங்கி நிக்கும்.