சொல் விளக்கம்: கட்டுபடி வீடு

‘அஃபோர்டபிள் ஹவுசிங்’ என்பதைத் தமிழில் எழுதவேண்டி வந்தால் பலரும் ‘மலிவு வீடு’ என்றோ ‘மலிவு விலை வீடமைப்பு’ என்றோ எழுதிவிட்டுப் போகிறார்கள். கொழும்பில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு அந்தச் சொல் உறுத்தும். எனக்கு உறுத்துகிறது. சரியான சொல் நம் வாயிலேயே இருக்கிறது: கட்டுபடி.

மலிவு நல்ல பழஞ்சொல். மலிதல் என்றால் நிறைதல், மிகுதல். ‘சந்தையில் மாம்பழம் மலிந்து கிடக்கிறது’ என்கிறபோது அந்த மூலப்பொருள் இன்னும் உயிரோடு நிற்கிறது. சரக்கு மிகுந்தால் விலை இறங்கும். அப்படித்தான் அது விலைக்குறைவுக்குப் பெயராயிற்று. ஆனால் ஒரு விலையை இன்னொரு விலையோடு ஒப்பிட்டுத்தான் மலிவு என்கிறோம். வாங்குகிறவர் கையில் என்ன இருக்கிறது என்பது அதற்குள் வராது. வெள்ளவத்தையில் ஐந்து கோடி கேட்கும் தொடர்மாடி வீடுகளுக்கு நடுவே நாலு கோடிக்கு வரும் வீடு மலிவுதான். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைக்கு அதனால் ஆவதென்ன?

கட்டுபடியைக் கேட்க அதே புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போனால் போதும். ‘அந்த விலைக்குக் குடுத்தா எனக்குக் கட்டாது தம்பி’ என்பார் கடைக்காரர். ‘நீங்க சொல்ற விலை எங்களுக்குக் கட்டுபடியாகாது அண்ணன்’ என்பார் வாங்க வந்தவர். விற்பவரும் வாங்குபவரும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கம் இழுக்கிறார்கள். வீட்டு விடயத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்? எழுப்புகிறவருக்குக் கட்டாவிட்டால் வீடு எழும்பாது. குடியிருப்பவருக்குக் கட்டாவிட்டால் எழும்பிய வீட்டில் அவர் நிலைக்கமாட்டார். சுவர் கட்டுகிறோம், மாதத் தவணையும் கட்டுகிறோம். அந்தக் ‘கட்டு’ இரண்டும் இந்தச் சொல்லில் சேர்ந்தே ஒலிக்கின்றன.

இலக்கணமும் இதன் பக்கம்தான். ‘இந்த வீடு மலிவு’ என்று முற்றுப்புள்ளி வைத்துவிடலாம். ‘இந்த வீடு கட்டுபடியாகும்’ என்று நிறுத்தினால் வாக்கியம் அரைகுறையாகத் தொங்கும். யாருக்கு என்று கேட்கத் தோன்றும். நான்காம் வேற்றுமையின் ‘கு’ அங்கே வந்து நின்றே ஆகவேண்டும். ‘மலிவு வீடு’ என்ற மொழிபெயர்ப்பு தொலைத்துவிட்டது அந்தக் ‘கு’வைத்தான்.

ஆங்கிலத்தில் ‘அஃபோர்ட்’ என்பதன் வேர், முன்னெடுத்தல், செய்து முடித்தல் என்ற பொருளுடைய பழைய வினை ஒன்று. ‘செய்து முடிக்க இயலும்’ என்பதிலிருந்து ‘செலவைத் தாங்க இயலும்’ என்று பொருள் நகர்ந்தது. சிங்களத்திலும் ‘தாங்கக்கூடிய விலை’ என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். இரண்டிலும் விலைக்குறைவு பற்றிய பேச்சே இல்லை, தாங்குகிறவரின் பலத்தைப் பற்றியே பேச்சு.

அந்தப் பலத்தை அளக்க ஒரு கணக்கும் உண்டு. அமெரிக்காவில் 1969இல் செனட்டர் எட்வர்ட் புரூக் கொண்டுவந்த திருத்தம், பொது வீடமைப்பில் குடியிருப்போரின் வாடகை வருமானத்தின் 25 வீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. 1981இல் அது 30 வீதமாயிற்று. இன்று உலகெங்கும் எடுத்தாளப்படும் ‘முப்பது வீத’ அளவுகோல் அங்கிருந்து பரவியதுதான். அந்த நாட்டின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மவுண்ட் லாரல் என்றொரு சிறிய ஊர். பல தலைமுறையாக அங்கே வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள், 36 சிறு வீடுகள் கட்ட இடம் கேட்டன. உங்களுக்குக் கட்டுபடியாகாவிட்டால் ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான் என்பது 1970இல் நகர மேயரிடமிருந்து வந்த பதில். எதல் லாரன்ஸ் என்ற பெண்மணி முன்னின்று வழக்குத் தொடுத்தார். 1975இல் மாநில உயர் நீதிமன்றம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் உரிய பங்கு வீடுகள் எழ ஊராட்சிகள் தம் நில விதிகளில் இடம்விட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பின்னாளில் அங்கே எழுந்த குடியிருப்புக்கு எதல் லாரன்ஸின் பெயரையே வைத்தார்கள். வீடுகள் எழும்பும் முன்பே, 1994இல், அவர் காலமாகிவிட்டார்.

கொழும்பில் இந்தச் சொல்லை இரண்டு விதமாகச் செய்து பார்த்திருக்கிறோம். 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தில் அரசு சிறு கடன் கொடுத்தது. ‘தோட்டம்’ என்று நகரத்தில் சொல்லப்படும் நெருக்கமான குடிசைப் பகுதிகளில் வாழ்ந்த மக்கள் தாமே கட்டினார்கள். நவகம்புரவில் ஒரு குடும்பத்துக்கு இரண்டு பேர்ச் நிலம், ஏறக்குறைய 50 சதுர மீற்றர். முதலில் ஓர் அறை, காசு சேர்ந்ததும் அடுத்தது. கையிருப்பின் வேகத்துக்கு வீடு வளர்ந்ததால் கட்டுபடியாயிற்று. வனாத்தமுல்லையில் 2001இல் எழுந்த 14 மாடி சஹஸ்புர வேறு வழி. குடிசை நின்ற நிலத்தை விட்டுக்கொடுத்தவருக்கு மாடியில் வீடு; விடுபட்ட நிலத்தின் விலையில் கட்டடச் செலவை ஈடுகட்டுவது என்ற எண்ணம். ஆனால் மாடிக்குப் போனதும் பராமரிப்புக் கட்டணம், மின்தூக்கிச் செலவு, தண்ணீர்ப் பட்டியல் என்று மாதாமாதம் வந்து நிற்கும். வீட்டின் விலை கட்டுபடியாகி, வீட்டில் இருப்பது கட்டுபடியாகாமல் போவது இப்படித்தான். இந்த வேறுபாட்டை ‘மலிவு’ சொல்லவே சொல்லாது.

‘கட்டுப்படியான’ என்று பகர மெய் இட்டும் எழுதுகிறார்கள். ‘கட்டுப்படுதல்’ என்ற வேறு வினையோடு குழம்பாதிருக்க நான் ‘கட்டுபடி’ என்றே எழுதுகிறேன். ‘சமூக வீடமைப்பு’ இதற்கு மாற்றுச்சொல் ஆகாது; அரசோ பொது அமைப்போ வைத்து நடத்தும் வீடுகளுக்கே அது பொருந்தும். செய்தி எழுதுகிறவர்கள் ‘மலிவு வீடுகள் கட்டப்படும்’ என்பதை விட்டு, ‘மாதம் 90,000 ரூபாய் வருமானமுள்ள குடும்பத்துக்குக் கட்டுபடியாகும் வீடுகள்’ என்று எழுதிப் பார்க்கட்டும். வாடகையோ தவணையோ, மற்றச் செலவுகளையும் சேர்த்து 27,000 ரூபாய்க்குள் அடங்குகிறதா என்று வாசகர் உடனே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.