மஸ்கடே வேறு, மஸ்கட் வேறு

பிரான்சின் நாந்த் நகரப் பக்கம் ஒரு உணவகத்தில் ஒயின் பரிமாறுவது என் வேலை. "கொஞ்சம் இனிப்பா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, இந்தப் பகுதி வெள்ளை ஒயினான மஸ்கடேயைக் கேட்பவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது வந்துவிடுகிறார்கள். பெயர் காதில் அப்படி விழுவதால், மணமும் இனிப்புமான மஸ்கட் திராட்சையில் செய்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. மஸ்கடேயில் இனிப்பு என்பதே இருக்காது, நல்ல புளிப்புத்தான் இருக்கும். போன மாதம் ஒரு அம்மா ஒரு வாய் குடித்ததுமே முகம் சுளித்து, கெட்டுப்போய்விட்டது என்று திருப்பிக் கொடுத்தார். முகர்ந்து பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. என்ன எதிர்பார்க்கிறார் என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் நான்.

இதன் திராட்சைக்குப் பெயர் மெலோன் த புர்கோஞ். ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சைக்கு உடன்பிறப்பு, இரண்டுக்கும் பெற்றோர் பினோ, குவே பிளான் என்ற திராட்சை வகைகள்தான். கிழக்குப் பிரான்சின் புர்கோஞ் பகுதியிலிருந்து வந்த இந்தக் கொடி, லுவார் ஆறு கடலைச் சேரும் இந்த மண்ணில் வேரூன்றியதற்கு 1709-இன் கடும் குளிர் முக்கியக் காரணம். அந்தக் குளிரில் இங்கிருந்த கொடிகள் பெரும்பாலும் பட்டுப்போக, குளிரைத் தாங்கும் மெலோனை எடுத்து நட்டார்கள். காய்ச்சி வடிக்க வெள்ளை ஒயின் தேடிய டச்சு வணிகர்களும் அதற்குத் துணை.

வாங்கும்போது லேபிளில் 'செவ்ர் எ மேன்' என்ற இடப்பெயரோடு 'சூர் லி' என்ற இரண்டு சொற்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நொதித்து முடிந்த ஈஸ்ட் அடியில் வண்டலாகப் படியும். அதை வடித்தெடுக்காமல் குளிர்காலம் முழுக்க ஒயினை அதன் மேலேயே விட்டுவைத்து, அப்புறம் நேராகப் பாட்டிலில் அடைத்தால் அதுதான் சூர் லி. இதனால் வாயில் ஒரு திரட்சி வருகிறது, ரொட்டி மாவு மாதிரி லேசான மணமும் சேர்கிறது. ஊற்றியதும் கிளாஸின் உள்பக்கம் ஊசிமுனை அளவுக்குக் குமிழிகள் ஒட்டியிருக்கும், நாக்கில் இலேசாகச் சுருக்கென்று குத்தும். பயப்பட வேண்டாம், நொதித்தபோது தங்கிய வாயுதான் அது. கிளிசோன், கோர்ழ் என்று ஊர்ப்பெயர் போட்டு வருபவை வண்டலில் இன்னும் நெடுநாள் கிடந்தவை, பத்து வருடம் வைத்தாலும் தாங்கும். மஸ்கடே மலிவு ஒயின்தானே என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் முதலில் ஊற்றிக் கொடுப்பது கிளிசோனைத்தான்.

ஐஸ் வாளியில் ஒரு மணி நேரம் போட்டுவைத்தால் வாசனையே மேலே வராது. 8 முதல் 10 டிகிரி போதும்.

சாப்பாட்டில் இதற்கு முதல் ஜோடி சமைக்காத பச்சைச் சிப்பி. சிப்பியின் உப்பும் ஒயினின் புளிப்பும் ஒன்றையொன்று தூக்கிவிடும், தனியாக எலுமிச்சை பிழிய வேண்டியதில்லை. அடுத்தது இந்த ஊர்ச் சாஸான பேர் பிளான் ஊற்றிய ஆற்றுமீன். பொடியாக நறுக்கிய எஷலோத் வெங்காயத்தை மஸ்கடேயும் வினிகரும் விட்டு வற்றவைத்து, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்த்து அடிப்பார்கள். மாட்டிறைச்சிக்கும் இனிப்புப் பலகாரத்துக்கும் மஸ்கடே பொருந்தாது.

ஆல்கஹால் 12 சதவீதம்தானே, லேசான ஒயின் என்று கணக்கில்லாமல் குடிக்கிறவர்களையும் பார்க்கிறேன். 100 மில்லியிலேயே ஏறத்தாழ 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. நாளுக்கு இரண்டு கிளாஸுக்கு மேல் வேண்டாம், அதுவும் தினமும் வேண்டாம் என்பதுதான் பிரான்சில் சுகாதாரத் துறை சொல்வது. கர்ப்பிணிகளுக்கு ஒரு துளியும் கூடாது, பாட்டிலின் பின்பக்கம் அதற்கான எச்சரிக்கை இருக்கும். கர்ப்பமாக இருப்பதாகச் சொல்பவர்களிடம் பேர் பிளானிலும் ஒயின் சேர்கிறது என்பதை நானே சொல்லிவிடுவேன். கொதித்தாலும் ஆல்கஹால் முழுவதும் போய்விடாது. அவர்கள் தட்டுக்கு மட்டும் சமையலறையில் ஒயினுக்குப் பதில் எலுமிச்சைச் சாறு விட்டுத் தனியாகச் செய்து தருவார்கள்.