மேட்டில் எப்படித் தண்ணீர் நிற்கிறது?

டார்ட்மூர் பக்கம் குடிவந்த பிறகு பழைய நண்பர்கள் ஒவ்வொருவராக வந்து போகிறார்கள். எல்லாருக்கும் முதலில் பார்க்க வேண்டியது டோர். மலையுச்சியில் யாரோ கல்மேல் கல் அடுக்கியதுபோல நிற்கும் கிரானைட் பாறைக் குவியல்களுக்கு அதுதான் பெயர். படங்களில் எல்லாம் அதுதான் வரும். எனக்கோ அவர்களை முதலில் சேற்றுக்குக் கூட்டிப்போகத்தான் ஆசை. இங்கிலாந்தின் தென்மேற்கே டெவனில் 954 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் இந்தத் தேசியப் பூங்காவை உருவாக்கியதில் பாதி வேலை ஈரத்துடையது.

மேலே ஏறிய கொஞ்ச நேரத்தில் ஷூ நனைந்துவிடும். உடனே கேள்வி வரும்: "என்னப்பா இது, பள்ளத்தில் தரை கெட்டியாக இருந்தது, மேட்டுக்கு வந்தால் கால் புதைகிறதே?" நியாயமான கேள்விதான். தண்ணீர் பள்ளத்தைத் தேடி ஓடும் என்றுதானே நாம் பழகியிருக்கிறோம்.

முதல் காரணம் மழை. மூர் என்று அழைக்கப்படும் இந்த மரமற்ற மேட்டுவெளியின் நடுவே உள்ள பிரின்ஸ்டவுன் ஊரில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் பெய்கிறது. அளவைவிட முக்கியம், அது பெய்யும் விதம். ஒரு பருவத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாமல் வருடம் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கிறது. குளிர், மேகமூட்டம், மூடுபனி என்று இருப்பதால் ஆவியாவதும் குறைவு. இரண்டாவது காரணம் அடியில் கிடக்கும் கிரானைட். சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் குழம்பாக ஏறி, வெளியே வராமலே மெல்ல ஆறி இறுகிய பாறை அது. தண்ணீர் அதற்குள் எளிதில் இறங்காது. அதில் சுண்ணாம்பும் இல்லை. இந்தச் சுண்ணாம்பு விஷயத்தை நினைவில் வையுங்கள். அமிலத்தை முறிக்க இங்கே ஆள் இல்லை என்று அர்த்தம்.

இவ்வளவு இருந்தாலும் சரிவில் தண்ணீர் வழிந்து போயிருக்க வேண்டும். போகவிடாமல் பிடித்து வைப்பது ஸ்ஃபாக்னம் என்ற பாசி. குனிந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். தன் உலர்ந்த எடையைப்போல் 20 மடங்கு வரை நீரைத் தாங்கக்கூடியது. இதன் இலையில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. உயிருள்ள பச்சைச் செல்கள் ஒல்லியாக வலைபோல ஓடுகின்றன. அவற்றுக்கு நடுவே பெரிய பெரிய செல்கள் செத்து, உள்ளே காலியாக, சுவரில் துளைகளோடு நிற்கின்றன. அந்தக் காலிச் செல்கள்தான் நீர்த்தொட்டிகள். தன் உடம்பின் பெரும்பகுதியைச் சாகவிட்டுச் சேமிப்புக் கிடங்காக வைத்துக்கொள்ளும் செடி! முதல் உலகப்போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தபோது காயத்துக்குக் கட்ட இந்தப் பாசியைத்தான் சேகரித்தார்கள், டார்ட்மூரிலிருந்தும்.

பாசி இன்னொரு காரியமும் செய்கிறது. மழைநீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் போன்றவற்றை இழுத்துக்கொண்டு, பதிலுக்கு ஹைட்ரஜன் அயனிகளை வெளியே விடுகிறது. அதனால் சுற்றியுள்ள நீர் அமிலமாகிறது. பாசிக்கு அது ஒத்துக்கொள்ளும், போட்டிச் செடிகள் பலவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. தனக்கு வேண்டிய சதுப்பைத் தானே தயாரித்துக்கொள்கிறது என்றே சொல்லலாம்.

இதற்கு வேர் கிடையாது. நுனி மேலே வளர்ந்துகொண்டே போக, அடிப்பகுதி செத்து அமுங்குகிறது. சாதாரண மண்ணாக இருந்தால் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் அதை மக்க வைத்துவிடும். அவை வேகமாக வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும்; தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகமோ காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. கூடவே அமிலமும் குளிரும். ஊறுகாய் ஜாடிக்குள் நடக்கும் அதே கதை: உள்ளே போனது கெடாமல் கிடக்கிறது. இப்படி மக்காமல் சேர்ந்த செடிக்கழிவுதான் பீட். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் சேர்ந்தால் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஆயிரம் ஆண்டு. நண்பர்களில் யாராவது கைத்தடியைச் சேற்றில் குத்திப் பார்த்தால், அது எத்தனை நூற்றாண்டு இறங்கியது என்று கணக்குச் சொல்வேன். கொஞ்சம் அலட்டல்தான், ஆனால் கணக்கு சரி.

கெடாமல் கிடக்கிறது என்பதற்கு இங்கேயே சாட்சி உண்டு. வைட்ஹார்ஸ் ஹில் என்ற உயரமான இடத்தில், பீட்டுக்குள் புதைந்திருந்த ஒரு சிறிய கல்லறைப் பெட்டியை 2011இல் திறந்தார்கள். வெண்கலக் காலத்தைச் சேர்ந்தது, 3,600 ஆண்டுகளுக்கு மேல் பழையது. எரித்த எலும்புகளோடு கரடித்தோல், பின்னிய கூடை, அம்பர் மணிகள் உட்பட இருநூறு மணிகள்வரை கிடைத்தன. தோலும் நாரும் சாதாரண மண்ணில் இவ்வளவு காலம் தாங்கியிருக்காது.

அடுத்த கேள்வி: "மரம் ஏன் இல்லை?" குளிரும் காற்றும் காரணம் என்று நினைப்பார்கள். முழு உண்மை இல்லை. பீட் அடுக்குகளில் மகரந்தத் தூள் அப்படியே தங்கியிருக்கிறது; எந்த அடுக்கில் எந்தச் செடியின் மகரந்தம் என்று நுண்ணோக்கியில் எண்ணிப் பார்க்கலாம். ஓக், ஹேசல் மரங்கள் ஒருகாலத்தில் இங்கே நிறைய இருந்ததையும், பிறகு அவை குறைந்து புல்லும் ஹெதர் என்ற குட்டைப் புதரும் ஏறியதையும் அது காட்டுகிறது. இடையில் கரித்துகளும் வருகிறது. வேட்டைக்காரர்கள் எரித்திருக்கிறார்கள், பிறகு உழவர்கள் வெட்டியிருக்கிறார்கள். சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் அவர்கள் நிலத்தைப் பிரித்துப் போட்ட கல்வரப்புகள் இன்னும் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன. இங்கே ரீவ் என்பார்கள். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது நன்றாகத் தெரியும்.

மரம் போனதும் தரையின் நீர்க்கணக்கே மாறிவிடுகிறது. உறிஞ்சி ஆவியாக்க இலைகள் இல்லை. மழை நேரே மண்ணில் இறங்கி, ஹெதர் குப்பையின் அமிலத்தோடு சேர்ந்து மேல்மண்ணின் இரும்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோகிறது. கொஞ்ச ஆழத்தில் அந்த இரும்பு மறுபடி படிந்து, மெல்லிய கெட்டித் தகடாக இறுகுகிறது. அதற்கு மேல் தண்ணீர் இறங்க வழியில்லை. தேங்குகிறது, பாசி வருகிறது, பீட் சேர்கிறது. ஆதி இயற்கை என்று நாம் மூச்சிழுத்து ரசிக்கும் இந்த வெட்டவெளியில் மனிதன் கோடரி போட்ட பங்கு பெரியது. உச்சிப் பகுதிகளில் மழையே போதுமானதாக இருந்திருக்கலாம். சரிவுகளில் நாம்தான் உதவியிருக்கிறோம். மறுபடி மரம் முளைக்காமல் பார்த்துக்கொள்வது ஆடு, மாடு, அப்புறம் அந்தக் குட்டைக் குதிரைகள். அவை காட்டுக்குதிரைகள் அல்ல, ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் இருக்கிறார். இதைச் சொன்னால் நண்பர்களின் முகம் வாடிவிடும்.

நடக்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். வெள்ளைக் குஞ்சம் ஆடும் பருத்திப்புல் இருந்தால் அங்கே ஈரம். ஹெதர் அடர்ந்திருந்தால் கால் வைக்கலாம். கண்ணைப் பறிக்கும் இளம்பச்சையில் சமதளமாக விரிந்த இடம் மிக அழகாக இருக்கும். அதன்மேல் போகவே கூடாது, அடியில் தண்ணீர். ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தால் ட்ரோசெரா தென்படும். சிவந்த மயிர்களில் பிசின் துளிகளோடு பூச்சிக்குக் காத்திருக்கும் செடி. சதுப்பில் நைட்ரஜன் கிடைக்காததால் அதைப் பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

சரி, டோர். கிரானைட் ஆறும்போதும், மேலே இருந்த பாறைச் சுமை அரித்துப்போனபோதும் அதில் நெடுக்கும் கிடையுமாக விரிசல்கள் விழுந்தன. விரிசல் நெருக்கமான இடம் சிதைந்தது, இடைவெளி அதிகமான இடம் தப்பியது. பனியுகத்தில் சிதைந்த மண் வழுக்கிக் கீழே போக, மிச்சம் உச்சியில் நிற்கிறது. உடைந்த பாறைகள் சரிவெல்லாம் சிதறிக் கிடக்கின்றன.

பீட்டை ஏன் காப்பாற்ற வேண்டும் என்றால், அது கார்பன் கிடங்கு. உலக நிலப்பரப்பில் பீட் நிலங்கள் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் காடுகளின் மரஞ்செடிகள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கார்பன் அவற்றில் இருக்கிறது. காய்ந்தால் காற்று உள்ளே போகும், மக்கத் தொடங்கும், கார்பன் வாயுவாகக் கிளம்பும். டார்ட்மூரில் பீட் வெட்டியதாலும் வாய்க்கால் தோண்டியதாலும் தீ வைத்ததாலும் பல இடம் அப்படிக் காய்ந்தது. இப்போது அந்த வாய்க்கால்களைப் பீட்டாலும் மரக்கட்டையாலும் அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துகிறார்கள். நனைந்த சதுப்பு மீத்தேன் விடும் என்பதும் உண்மை; நீண்டகாலக் கணக்கில் ஈரமாக வைப்பதே லாபம்.

மரத்துக்கும் ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. விஸ்ட்மன்ஸ் வுட் என்ற இடத்தில், 400 மீட்டர் உயரத்தில், முறுக்கிக்கொண்ட குட்டை ஓக் மரங்கள் தப்பி நிற்கின்றன. காரணம், அவை முளைத்தது பாறைச் சிதறல்களின் இடுக்கில். ஆட்டின் வாய் எட்டாது. மரத்தை ஒட்டிய பாசிகள் மிதிபடாமல் இருக்க, உள்ளே போகாமல் வெளியே நின்று பார்க்கச் சொல்கிறார்கள். நிலத்தின் உரிமையாளரான டச்சி ஆஃப் கார்ன்வால் (பிரிட்டிஷ் பட்டத்து இளவரசரின் பரம்பரை எஸ்டேட்) அந்தக் காட்டின் பரப்பை 2040க்குள் இரட்டிப்பாக்கப் போவதாக 2023இல் அறிவித்தது. அதற்கு முக்கிய வேலை, ஓரத்தில் முளைக்கும் கன்றுகளை ஆடுமாடு கடிக்காமல் தடுப்பது.